தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும்… (தோட்டம்: வாசகர் கேள்வி பதில்)

வீட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை “தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும்…” என்றே தொடங்கின. அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மஞ்சளித்த இலைகள், உதிர்ந்த பூக்கள், பாசி படிந்த தொட்டிகள், வற்றிப்போன மேல்நிலைத் தொட்டி என்று பலவும் இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு காய்கறிப் பாத்தி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கால் மணி நேரம் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். இது போதுமா, அதிகமா?

பதில்: ‘கால் மணி நேரம்’ என்பது நேரத்தின் அளவே தவிர நீரின் அளவன்று. ஆகவே முதலில் உங்கள் குழாய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று பாருங்கள். பத்து லிட்டர் வாளி ஒன்றை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடிகள் ஆகின்றன என்று எண்ணினால் போதும். நாற்பது நொடிகளில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று பொருள். அந்தக் கணக்கில் கால் மணி நேரத்தில் உங்கள் பாத்தி பெறுவது 225 லிட்டர்.

இனி, பாத்திக்கு வேண்டியது எவ்வளவு என்பதைப் பார்ப்போம். மழையை மில்லிமீட்டரில் அளப்பது போலவே மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகும் நீரையும் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது சரியாக ஒரு லிட்டர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட பயிர் நீர்த்தேவை வழிகாட்டியின்படி, வறண்ட பகுதியில் வெப்பம் மிகுந்த நாளில் 6 முதல் 8 மி.மீ. வரையிலும், குளிர்ந்த ஈரமான நாளில் 1 முதல் 3 மி.மீ. வரையிலும் நீர் இழப்பு ஏற்படுகிறது. செடிகள் நன்கு வளர்ந்து மண்ணை மூடியிருக்கும் உங்கள் நான்கு சதுர மீட்டர் பாத்திக்கு, கடும் வெயில் நாளில் ஏறத்தாழ 24 லிட்டரும், மேகமூட்டமான குளிர்நாளில் எட்டு லிட்டரும் போதுமானவை. நாற்றுகள் சிறியனவாக இருக்கும்போது இதைவிடவும் குறைவு. ஆக, நீங்கள் ஒன்பது நாளைக்கான நீரை ஒரே காலையில் ஊற்றிவிட்டு, மறுநாளும் அதையே செய்கிறீர்கள்.

மிகுதி நீர் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. போகும்போது நீங்கள் இட்ட உரத்தில் கரையக்கூடிய நைட்ரஜனையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறது. நன்றாக நீர் பாய்ந்தும் செடி வெளிறிக் கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: அப்படியானால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது நல்லதுதானே?

பதில்: அளவில் சரியாக இருந்தாலும் முறையில் அது தவறிவிடுகிறது. நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணையே நனைக்கிறது. வெயில் ஏறியதும் முதலில் காய்வதும் அந்த அடுக்குதான். ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் படரும் என்பதால், செடியின் வேர்களும் அந்த மேலடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. பிறகு ஒரு நாள் நீங்கள் வெளியூர் போக நேர்ந்தால், அடியில் ஈரம் இருந்தும் அதை எட்டிப் பிடிக்க வேர் இல்லாமல் செடி வாடிவிடும்.

அதனால் தரையில் உள்ள பாத்திகளுக்கு, மூன்று நாளைக்கான நீரைச் சேர்த்து, வேர் மண்டலம் முழுவதும் நனையும்படி ஒரே முறையில் கொடுத்து, மேல்மண் காயும்வரை காத்திருப்பதே நல்லது. எவ்வளவு ஆழம் நனைகிறது என்பது மண்ணைப் பொறுத்தது. 25 மி.மீ. நீர் மணற்பாங்கான நிலத்தில் ஏறத்தாழ ஓர் அடி ஆழம் வரை இறங்கும். அதே நீர் களிமண்ணில் அதில் பாதிகூட இறங்காது, ஆனால் நெடுநாள் தங்கும். எனவே மணல் நிலத்துக்குக் குறைந்த அளவில் அடிக்கடியும், களிமண்ணுக்கு நிறைந்த அளவில் இடைவெளி விட்டும் பாய்ச்ச வேண்டும். ஐயமிருந்தால், நீர் விட்டு அரைநாள் கழித்துச் சிறு கைக்கொத்தால் ஓர் ஓரத்தில் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. செய்தவர்கள் திகைக்காமல் இருந்ததும் இல்லை. மேலே சேறாகக் கிடக்கும் பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் மண் புழுதியாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

விதை முளைக்கும் நாட்களும், நாற்று நட்ட முதல் ஓரிரு வாரமும் இதற்கு விலக்கு. அப்போது வேர் மேலே மட்டுமே இருப்பதால், சிறிதளவாக அடிக்கடி தெளிப்பதே முறை.

கேள்வி: எங்கள் வீட்டில் களிமண். தண்ணீர் விட்ட இரண்டு நிமிடத்திலேயே தேங்கி, பாத்தியை விட்டு வழிந்து ஓடுகிறது. ஆனால் செடி வாடுகிறது. என்ன செய்வது?

பதில்: களிமண் ஒரு மணி நேரத்தில் 1 முதல் 5 மி.மீ. நீரைத்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும்; மணல் 30 மி.மீ.க்கும் மேல் இழுக்கும். முதல் பதிலில் சொன்ன குழாயை நான்கு சதுர மீட்டரில் திறந்தால், அது மணிக்கு 225 மி.மீ. வேகத்தில் கொட்டுகிறது. மணலே திணறும் வேகம் அது; களிமண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழாயை மெல்லிய ஒழுக்காகக் குறைத்து, பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் பத்து நிமிடம் விடுங்கள். பாத்தியைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டினால் ஓடும் நீர் நின்று ஊறும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்கிய உரத்தை மேல்மண்ணில் கலந்து வந்தால், களிமண் பொலபொலப்பாகி நீரை உள்வாங்கும் வேகமும் கூடும். களிமண்ணில் மணலைக் கலந்து சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிகப் பெரிய அளவில் கலந்தாலன்றி, அது செங்கல் போல இறுகிவிடும்.

கேள்வி: நண்பகலில் செடிகள் தலை தொங்கி நிற்பதைப் பார்க்க மனம் கேட்பதில்லை. ஆனால் வெயிலில் தண்ணீர் விட்டால், இலைமீது நிற்கும் துளிகள் பூதக்கண்ணாடி போலச் செயல்பட்டு இலையைக் கருக்கிவிடும் என்கிறார்களே?

பதில்: அந்தப் பூதக்கண்ணாடிக் கதையை 2010இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலைகளின்மீது நிற்கும் நீர்த்துளி இலையோடு ஒட்டிக்கொண்டு தட்டையாக இருப்பதால், ஒளி குவியும் புள்ளி இலைக்கு வெகு கீழே விழுகிறது. ஆகவே இலை கருகுவதில்லை என்று கண்டார்கள். மெழுகுத்தன்மையுள்ள மயிர்களால் துளியை இலைக்கு மேலே தாங்கிப் பிடிக்கும் சில செடிகளில் மட்டும் கருகும் வாய்ப்பு உண்டு. எனவே நடுப்பகலில் நீர் விடக்கூடாது என்பதற்குக் காரணம் கருகல் அன்று, வீணாவதே. காற்றும் வெப்பமும் மிகுந்த அந்த நேரத்தில், தெளிக்கும் நீரில் ஒரு பங்கு மண்ணைச் சேருமுன்பே ஆவியாகிவிடும்.

நண்பகல் வாட்டம் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செடி உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பங்கு, இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேறிவிடுகிறது. உச்சிவெயிலில் இந்த வெளியேற்றம் வேர் உறிஞ்சும் வேகத்தை மிஞ்சும்போது, மண்ணில் ஈரம் போதுமான அளவு இருந்தாலும் பூசணி, கத்தரி போன்ற அகன்ற இலைச் செடிகள் தொங்கிப்போகும். மாலையில் தாமாகவே நிமிர்ந்துவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மறுநாள் காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும்கூட உடனே பூவாளியைத் தூக்காமல், விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நீர் தேவை. சொதசொதவென்று ஈரமாக இருந்தால், காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியிருக்கிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தாகத்தால் வாடும் செடியும் வெள்ளத்தால் வாடும் செடியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எலுமிச்சை மரக்கன்று ஒன்று வாடுவதைக் கண்டு நாளுக்கு இருமுறை நீரூற்றி, என் கையாலேயே அதை நான் கொன்றிருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: காலையா, மாலையா?

பதில்: விடியற்காலை. காற்று அடங்கியிருக்கும், ஆவியாதல் குறைவு, நனைந்த இலைகளும் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். மாலையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் தயங்காமல் மாலையில் விடுங்கள்; ஆனால் இலைமீது படாமல் மண்ணுக்கு மட்டும் விடுங்கள். இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை நோய்கள் எளிதில் தொற்றும்.

கேள்வி: மாடியில் தொட்டிகள் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றியவுடன் அடித்துளை வழியே ஓடிவிடுகிறது, ஆனால் செடி காய்ந்தபடியே இருக்கிறது. வடிகால் நன்றாக இருக்க அடியில் கூழாங்கல் பரப்பியதுதான் தவறா?

பதில்: இரண்டு வேறு சிக்கல்கள் உங்கள் தொட்டியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

தென்னை நார்க்கழிவு, இலைமட்கு போன்றவை கலந்த தொட்டி மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. மேலும் அது சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகி நிற்கும். நீங்கள் ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே நேராக வெளியேறுகிறது, நடு உருண்டை நனைவதே இல்லை. தொட்டியை ஓர் அகன்ற பாத்திரத்தில் வைத்து, அடித்துளை வழியே நீர் ஏறும்படி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டியானால், மேல்மண்ணைக் குச்சியால் குத்திக் கிளறி, ஒரு குவளை ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் ஒரு குவளை என்று மூன்று நான்கு தவணைகளில் ஊற்றுங்கள். முதல் தவணை மண்ணை இளக்குவதற்கு மட்டும்தான்.

கூழாங்கல்லைப் பொறுத்தவரை, நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறானதே நடக்கிறது. நுண்ணிய துளைகள் கொண்ட மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்து நிறைந்த பிறகே அது சொட்டத் தொடங்கும். ஆகவே எந்தத் தொட்டியிலும் அடியில் இருக்கும் அந்தச் சேற்று அடுக்கு, கல் போட்டால் மறைவதில்லை, வேருக்கு அருகே மேலேறி வந்துவிடுகிறது. துளையை ஒரு வலைத்துண்டால் மூடி, தொட்டி முழுவதையும் மண்கலவையாலேயே நிரப்புங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பத்து லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் செடிக்குப் பயன்படும் நீர் இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் தங்காது. வளர்ந்த தக்காளிச் செடியொன்று கடும் வெயில் நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். எனவே தரைக்குச் சொன்ன ‘மூன்று நாளைக்கு ஒருமுறை’ தொட்டிக்குப் பொருந்தாது. தொட்டியை இலேசாகச் சாய்த்துத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எடையைக் கொண்டே தாகத்தைச் சொல்லிவிடலாம். மண்தொட்டி தன் சுவர் வழியேயும் நீரை இழக்கும். கருநிறத் தொட்டி வெயிலில் சூடாகி வேரை வாட்டும். தொட்டிகளை நெருக்கி வைத்து, வெளி வரிசைக்கு மட்டும் நிழல் கொடுத்தாலே நீர்த்தேவை குறைவதைக் காண்பீர்கள்.

கேள்வி: சொட்டுநீர் அமைத்து, மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து இணைத்தேன். தினமும் பத்து நிமிடம் ஓடுகிறது. சில செடிகளுக்குச் சொட்டுகிறது, சிலவற்றுக்கு இல்லை. சொட்டும் செடிகளும் செழிப்பாக இல்லை.

பதில்: சொட்டுநீர் என்ற பெயரே பலரை நிறைவடையச் செய்துவிடுகிறது, அளவை யாரும் பார்ப்பதில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த பொறியாளர் சிம்ச்சா பிளாஸ் உருவாக்கிய சொட்டுவான்கள் (குழாயில் பொருத்தி நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனைகள்) 1965 முதல் வணிக முறையில் செய்யப்படுகின்றன. அவற்றின் சிறப்பு, நீரை மிக மெதுவாக வேரடியில் விடுவது. வீட்டில் பொருத்தும் சொட்டுவான் மணிக்கு இரண்டு அல்லது நான்கு லிட்டர் தருவது. இரண்டு லிட்டர் வகையானால் பத்து நிமிடத்தில் ஒரு செடிக்குக் கிடைப்பது ஒன்றரைக் குவளை நீர், அவ்வளவுதான். முதல் கேள்வியிலுள்ள பாத்தியில் இத்தகைய சொட்டுவான்கள் இருபத்துநான்கு இருந்தால், மூன்று நாளைக்கான 72 லிட்டரைக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். ‘ஒன்றரை மணி நேரமா!’ என்று பதற வேண்டாம். நேரம் நீளம், நீர் அதே 72 லிட்டர்தான்.

சில இடங்களில் சொட்டாததற்குக் காரணம் அழுத்தக் குறைவாகவோ அடைப்பாகவோ இருக்கலாம். பத்து மீட்டர் உயர நீர் தருவதே ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம். சொட்டுவான்களில் பெரும்பாலானவை அந்த அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. உங்கள் தண்ணீர்த் தொட்டி செடிகளைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சொட்டுவான்களைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் வகை இத்தனை குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் திறக்காது. கிளைக்குழாய்களைக் குட்டையாக வைத்து, அனைத்தையும் ஒரே மட்டத்தில் அமையுங்கள். தொட்டியின் வாயில் வடிகட்டி கட்டாயம் வேண்டும். மாதம் ஒருமுறை குழாயின் கடைமுனைகளைத் திறந்துவிட்டுக் கழுவினால் பாசியும் மணலும் வெளியேறும். உப்பு படிந்து அடைத்த சொட்டுவான்களை வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

நீரை வேரடிக்குக் கொண்டு சேர்ப்பதில் சொட்டுநீரின் திறன் நூற்றுக்குத் தொண்ணூறு என்றும், தெளிப்பு முறையின் திறன் எழுபத்தைந்து என்றும், வாய்க்கால் பாசனத்தின் திறன் அறுபது என்றும் பொதுவாகக் கணக்கிடுவார்கள். ஆனால் அந்தத் தொண்ணூறு அமைப்பு ஒழுங்காக இருக்கும்போது கிடைப்பது. கவனிக்காமல் விடப்பட்ட சொட்டுநீரைவிட, கவனமாகப் பிடித்த பூவாளி மேல்.

கேள்வி: துணி துவைத்த நீர், சமையலறை நீர், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீர் ஆகிய மூன்றையும் தோட்டத்துக்கு விடலாமா?

பதில்: மூன்றும் ஒன்றல்ல.

காய்கறியும் அரிசியும் கழுவிய நீரை யோசிக்காமல் ஊற்றலாம். எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய நீர் வேண்டாம். கொழுப்பு மண்ணின் துளைகளை அடைத்து நாற்றத்தையும் எறும்பையும் வரவழைக்கும்.

துணி துவைத்த நீரில் அழுக்கைவிடச் சோப்புத்தூளில் உள்ள சோடியம்தான் கவலைக்குரியது. அது களித் துகள்களைப் பிரித்துவிடுவதால், நாளடைவில் மண் இறுகி நீரை உள்வாங்காமல் போகும். வெளுப்பான், போரான் கலந்த தூள் ஆகியவற்றைப் பயன்படுத்திய நீரும் குழந்தைத் துணி அலசிய நீரும் கூடாது. இறுதியாக அலசிய நீரை மட்டும் பிடித்து, மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும், மூடாக்கின் (மண்ணின்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்) அடியில், இடம் மாற்றி மாற்றி விடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் சேமித்து வைக்கவும் கூடாது, அழுகி நாறும்.

சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரில் சோப்பு இல்லை, ஆனால் உங்கள் மூல நீரில் இருந்த உப்பு முழுவதும் செறிந்து இருக்கிறது. உப்பை அளக்கும் சிறு மீட்டரால் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தடையின்றி விடலாம். 450 முதல் 2000 வரை எச்சரிக்கையோடு விடலாம். 2000த்துக்கு மேல் போனால் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், தரை கழுவப் பயன்படுத்துங்கள். பாசன நீருக்கான பன்னாட்டு வழிகாட்டி அளவுகள் இவை. செடிகளும் ஒன்றுபோல் தாங்குவதில்லை. அவரை வகைகளும் கேரட்டும் வெங்காயமும் உப்புக்கு எளிதில் சோர்ந்துவிடும். பீட்ரூட் ஓரளவு தாங்கும். தொட்டியில் தொடர்ந்து இந்த நீரை விட்டால் விளிம்பில் வெண்பூச்சு படிவதைக் காண்பீர்கள். அது தெரிந்ததும், மழைநீரோ நல்ல நீரோ அடித்துளை வழியே தாராளமாக ஓடும்வரை ஊற்றி, உப்பைக் கழுவி விடுங்கள். நீர்ச் சிக்கனம் பேசும் பகுதியில் ‘தாராளமாக’ என்று எழுத நேர்ந்தது இந்த ஓர் இடத்தில்தான்.

கேள்வி: மழைநீரைச் சேமிக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். போதுமா? கொசு வராமல் தடுப்பது எப்படி?

பதில்: கூரையின் பரப்பைச் சதுர மீட்டரிலும் மழையை மில்லிமீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும், சிதறலுக்கும் கசிவுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 400 லிட்டர். ஒரு நடுத்தர மழைக்கே உங்கள் பீப்பாய் இரண்டு முறை நிரம்பும். பீப்பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை; தொட்டிச் செடிகளுக்கு அந்த நீர் அமுதம். ஆனால் அதைவிடப் பெரிய தொட்டி ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடுத்தரமான வண்டல் கலந்த மண்ணில் ஓர் அடி ஆழத்துக்குள் செடிக்குப் பயன்படும் நீர் ஏறத்தாழ 40 மி.மீ. தங்கும், 50 சதுர மீட்டர் தோட்டமானால் அது 2000 லிட்டர், அதாவது பத்துப் பீப்பாய். பீப்பாய் வழியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல், ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, வரப்பு கட்டிய பாத்திக்கோ மரத்தடிக்கோ திருப்பிவிட்டால் போதும். சுவரின் அடித்தளத்தை நோக்கி அது ஓடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறண்ட நாட்களுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் ஓரிரு மில்லிமீட்டர், கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிடுங்கள். கொசு முட்டையிட்டுப் பறப்பதற்கு வெப்பமான பருவத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே மூடியோடு, நீர் நுழையும் வாயிலும் வழியும் வாயிலும் நெருக்கமான வலையைக் கட்டுங்கள். பெரும்பாலோர் மறப்பது வழியும் வாயைத்தான்.

கேள்வி: பத்து நாள் வெளியூர் செல்ல வேண்டும். நீரூற்ற ஆள் இல்லை.

பதில்: முதல் வேலை, தேவையைக் குறைப்பது. தொட்டிகளை நிழலுக்கு மாற்றி ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள், காயையும் பூவையும் பறித்துவிடுங்கள், மூடாக்குப் போடுங்கள்.

அடுத்தது, மண்பானை. மெருகிடாத சிறு பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காய அது பானையின் நுண்துளைகள் வழியே நீரை ஈர்த்துக்கொள்ளும்; மண் நனைந்தவுடன் கசிவும் தானே குறையும். கி.மு. முதல் நூற்றாண்டின் சீன வேளாண் குறிப்பிலேயே கொடிவகைக்கு இவ்வாறு பானை புதைப்பது பதிவாகியிருக்கிறது. மின்சாரமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். இத்தனை அறிவுள்ள கருவியை நாம் விட்டுவிட்டது எனக்கு இன்றும் வியப்புதான். சிறிய தொட்டிகளுக்கு, வாளி நீரில் ஒரு முனையும் மண்ணுக்குள் மறுமுனையுமாகப் பருத்தித் திரி இடலாம். கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை நம்ப வேண்டாம். சில பாட்டில்கள் ஒரு மணி நேரத்தில் காலியாகும், சில பத்து நாளும் அப்படியே நிற்கும். எந்த முறையானாலும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அமைத்து, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். புறப்படும் காலையில் செய்யும் சோதனை சோதனையன்று.

கேள்வி: தக்காளியின் அடிப்பகுதி கறுத்துச் சுருங்குகிறது. சுண்ணாம்பும் முட்டை ஓட்டுத்தூளும் போட்டேன், பலனில்லை. நீர் தொடர்பான பகுதியில் இதைக் கேட்கலாமா?

பதில்: இங்கேதான் கேட்க வேண்டும். காய்க்குக் கால்சியம் எட்டாததால் வருவது இது; ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் அன்று. செடிக்குள் கால்சியம் நீரோட்டத்தோடுதான் பயணம் செய்கிறது. இலைகள் ஆவியாக்கும் நீர் மிகுதி, காய் ஆவியாக்குவது மிகக் குறைவு. ஆகவே நீர் தட்டுப்படும் நாட்களில் வந்த கால்சியத்தை இலைகளே எடுத்துக்கொண்டு, காயின் கடைமுனை பட்டினி கிடக்கிறது. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றும் தோட்டங்களில்தான் இது மிகுதி. அதே தோட்டத்தில் பழங்கள் வெடிப்பதும் நிகழும். பூத்ததிலிருந்து காய் முற்றும்வரை ஈரம் ஏறி இறங்காமல் இருக்க, மண்ணின்மேல் காய்ந்த இலையையோ வைக்கோலையோ ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டுவிடுங்கள், இல்லையேல் தண்டு அழுகும். கறுத்த காய்கள் இனித் தேறா. அடுத்த கொத்தில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஐந்து ஆண்டு வயதுள்ள மாமரத்துக்கு அடித்தண்டைச் சுற்றிப் பள்ளம் பறித்து நீர் விடுகிறோம். சரியா?

பதில்: நட்ட முதல் ஆண்டுக்கு அது சரி. இப்போது நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தண்டின் அருகில் இல்லை. கிளைகள் நிழல் விழும் எல்லையிலும் அதற்கு அப்பாலும், பெரும்பாலும் இரண்டடி ஆழத்துக்குள் பரவியிருக்கின்றன. தண்டடியில் தேங்கும் நீரால் பட்டை அழுகுவதே மிச்சம். பள்ளத்தை மூடிவிட்டு, நிழலின் விளிம்பை ஒட்டி வட்டமாக ஆழமற்ற பாத்தி எடுத்து, அதில் நீர் விடுங்கள். மரம் வளர வளர வட்டத்தையும் வெளியே நகர்த்துங்கள்.

கேள்வி: டைமர் வைத்தால் கவலையில்லையாமே?

பதில்: டைமருக்கு மழை பெய்தது தெரியாது. கொட்டும் மழையில் தெளிப்பான் சுழன்றுகொண்டிருக்கும் தோட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை உணரியோடு சேர்த்து வாங்குங்கள். பருவம் மாறும்போதெல்லாம் ஓடும் நேரத்தை மாற்றுங்கள். அப்படியும் வாரம் ஒருமுறை விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.